ஐந்தடி ஐந்தங்குலம் போதுமா?

கல்லூரி மைதானங்களைக் கலக்கிய டியூஸ் வானைத் தொழில்முறை அணிகள் தயங்கித் தயங்கித்தான் எடுத்தன. உருவத்தில் சிறிய ஓட்டக்காரரை எடைபோடுவது அமெரிக்கக் கால்பந்தில் தீராத தலைவலி.

2023 ஏப்ரல் 29. டெக்சாஸ் மாநிலத்தின் டல்லஸ் கவ்பாய்ஸ் அணி நிர்வாகிகள் கூடியிருக்கும் அறை. புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வருடாந்திர வைபவத்தில் ஆறாவது சுற்று நடந்துகொண்டிருக்கிறது. அணிக்காக ஊர் ஊராகப் போய்க் கல்லூரி வீரர்களைப் பார்த்துவரும் கிறிஸ் வான் கையில் தொலைபேசியைக் கொடுக்கிறார்கள். மறுமுனையில் இருப்பவர் 21 வயது இளைஞர். பேசுவது அப்பாதான் என்கிறார் கிறிஸ். அடுத்த வாரம் தன்னோடு வேலைக்கு வரச் சம்மதமா என்று கேட்கிறார். குரல் தழுதழுக்கிறது.

அமெரிக்கத் தொலைக்காட்சிகள் இந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டின. அப்பா வேலை பார்க்கும் அணியிலேயே மகனுக்கும் இடம். யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் டியூஸ் வான் என்ற அந்த மகனின் பெயர் வருவதற்கு முன்னால் 211 பெயர்கள் வாசிக்கப்பட்டுவிட்டன. அந்த ஆண்டு மொத்தமே 259 பேர்தான் தேர்வானார்கள்.

இத்தனைக்கும் டியூஸ் சாதாரண ஆளில்லை. கான்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்காக மூன்றே ஆண்டுகளில் பந்தோடு ஓடி 3,604 கெஜம் கடந்தவர். 34 முறை எல்லைக்கோட்டைத் தாண்டியவர். 2021, 2022 இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்கள் பட்டியலில் இடம்பிடித்தவர். 2022இல் அவரது அணி தன் பிராந்தியச் சாம்பியன் ஆனது. அந்த ஆண்டின் கடைசி நாளில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த சுகர் பௌல் ஆட்டத்தில், தொழில்முறைக்குப் போகப்போகிறவர்கள் நிறைந்த அலபாமா அணிக்கு எதிராக ஒரே மூச்சில் 88 கெஜம் ஓடி மைதானத்தை வாய்பிளக்க வைத்தார். அவரது அணி 45-20 என்று தோற்றது வேறு கதை.

பிறகு ஏன் 211 பேருக்குப் பின்னால் நிற்க வேண்டி வந்தது? விடை ஒரே வரியில் அடங்குகிறது: உயரம் ஐந்தடி ஐந்தங்குலம், எடை 81 கிலோ.

இந்த விடை எவ்வளவு சரி என்பதுதான் கேள்வி. அதற்கு முதலில் இந்த வேலை என்னவென்று தெரிய வேண்டும்.

மோதல்தான் தொழில்

நாம் கால்பந்து என்று சொல்வதற்கும் அமெரிக்கர்கள் சொல்வதற்கும் பெயரைத் தவிரச் சம்பந்தமில்லை. நீள்வட்டப் பந்து. ஓர் அணியில் 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். முடிந்தால் மேலும் நான்கு முயற்சிகள், முடியாவிட்டால் பந்து எதிரணிக்கு. இப்படி நகர்ந்து நகர்ந்து எதிரியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளிகள். பந்தை எறியும் தளபதிக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். அவரிடமிருந்து பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு மனிதச் சுவருக்குள் புகுந்து ஓடுபவர் ரன்னிங் பேக். டியூஸின் வேலை இதுதான்.

அந்தச் சுவரில் நிற்பவர்கள் சுமார் 135 கிலோ எடையுள்ளவர்கள். அவர்களுக்குப் பின்னால் காத்திருக்கும் லைன்பேக்கர்கள் 105, 110 கிலோ. ரன்னிங் பேக்குகள் பெரும்பாலும் ஐந்தடி பத்து, பதினொரு அங்குல உயரமும் 95 கிலோவுக்கு மேல் எடையும் கொண்டவர்கள். கபடியில் எதிராளி மீது பாய்ந்து அமுக்குவது உண்டு. ஆனால் எடைக்கு உச்சவரம்பும் உண்டு. இந்த ஆட்டத்தில் அப்படி எதுவும் கிடையாது. காவஸ்கரும் டெண்டுல்கரும் ஐந்தரை அடிக்குள் அடங்கினாலும் எதையும் இழக்கவில்லை என்று நாம் பெருமைப்படலாம். அவர்கள் மீது யாரும் ஓடிவந்து மோதவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வீரர்களைப் பங்கிடும் முறைக்கு டிராஃப்ட் என்று பெயர். நம் ஐ.பி.எல். ஏலம் போல இதில் விலை கேட்பதில்லை. 32 அணிகள் வரிசையாக ஆளுக்கு ஒருவரை எடுக்கும். முந்தைய ஆண்டில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. இப்படி ஏழு சுற்றுகள். முதல் சுற்றில் எடுத்தவருக்கு ஒப்பந்தப் பணத்தில் பெரும்பகுதி உத்தரவாதம். ஆறாவது சுற்றில் எடுத்தவருக்குக் கையெழுத்துப் போடும்போது கிடைக்கும் தொகைதான் நிச்சயம்; மற்றதெல்லாம் அணியில் நீடித்தால்தான். எனவே எந்தச் சுற்று என்பது கௌரவப் பிரச்சினை மட்டுமில்லை. எத்தனை தவறுகள் செய்யும்வரை பொறுத்துக்கொள்வார்கள் என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

அங்குலம் அங்குலமாக

டிராஃப்டுக்கு முன்னால் இண்டியானாபோலிஸ் நகரில் ஒரு பரீட்சை நடக்கிறது. முந்நூறுக்கும் மேற்பட்ட கல்லூரி வீரர்களை வரவழைத்து அளக்கிறார்கள். உயரத்தை அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு வரை குறிக்கிறார்கள். கையின் நீளம், உள்ளங்கையின் அகலம்கூடத் தப்புவதில்லை. 40 கெஜ ஓட்டம், 102 கிலோ பளுவை எத்தனை முறை தூக்குகிறார்கள், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு எம்புகிறார்கள் என்று எல்லாவற்றுக்கும் எண் உண்டு. மருத்துவப் பரிசோதனையும் நேர்காணலும் தனி.

எண்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் அவற்றைப் படிப்பவர்கள் ஏமாறுவதுண்டு. பிரபலமான உதாரணம் 1989ஆம் ஆண்டு டிராஃப்ட். கான்சாஸின் விசிட்டா நகரில் வளர்ந்து ஒக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு ஆடிய பாரி சாண்டர்ஸ், அதற்கு முந்தைய ஆண்டில் ஒரே சீசனில் 2,628 கெஜம் ஓடியிருந்தார். கல்லூரி ஆட்டத்தின் உச்ச விருதான ஹெய்ஸ்மன் கோப்பையும் கையில் இருந்தது. ஆனால் உயரம் ஐந்தடி எட்டங்குலம். இரண்டாவதாகத் தேர்வு செய்யும் முறை வந்தபோது கிரீன் பே பேக்கர்ஸ் அணி அவரை விட்டுவிட்டு டோனி மாண்டரிச் என்ற ராட்சதரை எடுத்தது. ஆறடி ஐந்தங்குலத்துக்கு மேல் உயரம், 135 கிலோவுக்கு மேல் எடை. பார்த்தாலே பயம் வரும் உடம்பு. அந்த உடம்பின் ரகசியம் ஊக்கமருந்து என்பதைப் பல ஆண்டுகள் கழித்து, 2008இல், அவரே ஒப்புக்கொண்டார். பேக்கர்ஸ் அணியில் அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

மூன்றாவதாக வந்த டெட்ராய்ட் லயன்ஸ் சாண்டர்ஸை எடுத்தது. ஆடிய பத்து சீசன்களில் ஒன்றில்கூட அவர் ஆயிரம் கெஜத்துக்குக் குறையவில்லை. 1997இல் 2,053. 1999இல் ஓய்வுபெற்றபோது மொத்தம் 15,269 கெஜம்.

இந்தக் கதையைச் சொல்லாத குள்ளமான ரன்னிங் பேக் யாரும் இல்லை. சொல்லிக்கொடுக்காத கோச்சும் இல்லை.

குட்டைக்கு உண்டு சலுகை

உயரம் குறைவு என்பது இந்த வேலையில் கொஞ்சம் அனுகூலமும்கூட. ஆறரை அடி உயரச் சுவருக்குப் பின்னால் ஐந்தரை அடி மனிதர் எங்கே இருக்கிறார் என்று தடுப்பவர்களுக்குச் சட்டென்று தெரியாது. கண்டுபிடிக்கும் அந்த அரை விநாடிக்குள் அவர் வெளியே வந்துவிடுவார். புவியீர்ப்பு மையம் தரைக்கு அருகில் இருப்பதால், முழு வேகத்தில் போகும்போதே காலை ஊன்றித் திசை திரும்புவது எளிது. பிடிக்க வருபவர் குனிந்தாக வேண்டும். குனிந்தவரின் பிடி பாதி வலு இழந்துவிடும். அடி விழுவதற்கான பரப்பும் குறைவு.

இதனால்தான் ஸ்கவுட் எனப்படும் ஆள் தேடும் நிபுணர்கள் குள்ளம், சிறிசு என்ற இரண்டு வார்த்தைகளையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. மாரிஸ் ஜோன்ஸ்-ட்ரூ ஐந்தடி ஏழங்குலம்தான். எடை 95 கிலோ. உருட்டிவிட்ட பாறை மாதிரி. 2006இல் இரண்டாவது சுற்றில் 60ஆவது ஆளாக அவரை எடுத்தது ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் அணி. முதல் சுற்றில் 32 அணிகளும் தன்னைத் தாண்டிப் போனதை நினைவில் வைத்துக்கொள்ளவே 32 என்ற எண்ணைச் சட்டையில் அணிந்தார். 2011இல் 1,606 கெஜம் ஓடி, அந்த ஆண்டு லீகிலேயே அதிகம் ஓடியவர் என்ற பட்டத்தை வென்றார். சாண்டர்ஸும் 92 கிலோ. அவர்கள் குள்ளமானவர்களே தவிரச் சிறியவர்கள் அல்ல.

டியூஸின் 81 கிலோ வேறு கணக்கு. ரன்னிங் பேக் எப்போதும் பந்தோடு ஓடிக்கொண்டிருப்பதில்லை. குவார்ட்டர்பேக் பந்தை எறியத் தயாராகும்போது, அவரை வீழ்த்த ஓடிவரும் 110 கிலோ லைன்பேக்கரின் குறுக்கே போய் நிற்க வேண்டியதும் இவர்தான். 30 கிலோ வித்தியாசத்தைத் துணிச்சல் ஓரளவுக்குத்தான் ஈடுகட்டும். கோடிக்கணக்கான டாலர் சம்பளம் வாங்கும் குவார்ட்டர்பேக்கின் முழங்காலை இந்த 81 கிலோவை நம்பி ஒப்படைப்பதா என்று கோச் யோசிப்பார். யோசிக்க ஆரம்பித்தால், பந்து எறியப்படும் கட்டங்களில் இவரை வெளியே உட்கார வைப்பார்.

கடைசி ஒரு கெஜம் மிச்சமிருக்கும்போது சுவரை முட்டித் திறப்பதும் ரன்னிங் பேக்கின் வேலை. அங்கேயும் எடைதான் பேசும்.

கல்லூரியில் இவையெல்லாம் அவ்வளவாகத் தெரியவில்லை. அதற்கு மைதானமே ஒரு காரணம். ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும் இடத்தைத் தீர்மானிக்கப் புல்தரையில் இரண்டு வரிசைக் கோடுகள் உண்டு. கல்லூரி ஆட்டத்தில் இவற்றுக்கிடையே 40 அடி. தொழில்முறை ஆட்டத்தில் பதினெட்டரை அடி மட்டுமே. கல்லூரியில் பந்து ஓர் ஓரமாக வைக்கப்படும்போது மறுபக்கத்தில் பெரிய வெற்றிடம் கிடைக்கும். சுறுசுறுப்பான சிறிய ஆளுக்கு அது சொர்க்கம். தொழில்முறையில் ஆட்டம் எப்போதும் நடுமையத்தை ஒட்டியே தொடங்குவதால் அந்த வெற்றிடம் சுருங்கிவிடுகிறது. தவிர, கல்லூரியில் எதிரே நிற்கும் 11 பேரில் இரண்டு மூன்று பேராவது மெதுவானவர்களாக இருப்பார்கள். இங்கே அப்படி ஒருவர்கூடக் கிடைக்க மாட்டார்.

அண்ணன் போட்ட பாதை

டியூஸுக்கு நம்பிக்கை தந்தது சாண்டர்ஸின் கதையல்ல. தன் பல்கலைக்கழகத்திலேயே 20 ஆண்டுகளுக்கு முன்னால் ஆடிய டேரன் ஸ்ப்ரோல்ஸின் கதை. கான்சாஸின் ஓலேத் ஊர்ப் பையன். ஐந்தடி ஆறங்குலம். கான்சாஸ் ஸ்டேட்டுக்காக 4,979 கெஜம் ஓடியவர். 2003இல் பிராந்திய இறுதி ஆட்டத்தில், அதுவரை தோல்வியே காணாத ஒக்லஹோமா அணியை 235 கெஜம் ஓடி நிலைகுலையச் செய்தார். 35-7. இன்றும் அந்த ஊரில் அந்த ஸ்கோரைச் சொல்லிப் பார்த்து மகிழ்பவர்கள் உண்டு.

2005 டிராஃப்டில் ஸ்ப்ரோல்ஸ் நான்காவது சுற்றில், 130ஆவது ஆளாக, சான் டியேகோ சார்ஜர்ஸ் அணிக்குப் போனார். 2019 வரை மூன்று அணிகளுக்காக 15 ஆண்டுகள். பந்தைப் பிடித்தும் ஓடியும் எதிரணி உதைத்த பந்தைத் திருப்பிக்கொண்டு வந்தும் கடந்த மொத்தத் தூரம் 19,696 கெஜம். அவர் விடைபெற்றபோது லீக் வரலாற்றில் ஐந்தாவது இடம். பாதிக்கு மேற்பட்ட ரன்னிங் பேக்குகள் மூன்று ஆண்டு முடிவதற்குள் காணாமல் போய்விடும் தொழில் இது.

டியூஸை அடுத்த ஸ்ப்ரோல்ஸ் என்று பலரும் எழுதினார்கள். உயரமும் பல்கலைக்கழகமும் பொருந்தியதால் ஒப்பீடு தானாக வந்து விழுந்தது. ஆனால் ஸ்ப்ரோல்ஸ் எப்படிப் பிழைத்தார் என்று பார்த்தால் ஒப்பீடு ஆட்டம் காண்கிறது.

முதலாவது, எடை. ஸ்ப்ரோல்ஸ் 86 கிலோ வரை ஏற்றியிருந்தார். ஓர் அங்குலமும் ஐந்து கிலோவும் பெரிய வித்தியாசமில்லை என்று தோன்றும். இந்த அளவில் அது பெரிய வித்தியாசம்தான்.

இரண்டாவது, அவர் ஓட்டக்காரராக வேலைக்குச் சேரவில்லை. சார்ஜர்ஸ் அணியில் அப்போது லடேனியன் டாம்லின்சன் என்ற ஜாம்பவான் இருந்தார். ஸ்ப்ரோல்ஸுக்குக் கிடைத்தது உதைத்த பந்தைத் திருப்பிக்கொண்டு வரும் வேலை. எல்லோரும் சிதறி ஓடிவரும் அந்தக் கட்டத்தில் எடையைவிடச் சாமர்த்தியம் பேசும். 2007 நவம்பரில் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் இப்படி இரண்டு முறை எல்லைக்கோட்டைத் தொட்டார். 2009 ஜனவரியில் அதே கோல்ட்ஸுக்கு எதிராக நாக்அவுட் ஆட்டத்தில் மொத்தம் 328 கெஜம். கூடுதல் நேரத்தில் வெற்றிக்கான ஓட்டமும் அவருடையதே.

மூன்றாவது, தன்னை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். 2011இல் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியின் கோச் ஷான் பேட்டன் அவரைச் சுவரில் முட்டவிடவில்லை. வெற்றிடத்தில் நிறுத்திப் பந்தை எறியச் செய்தார். அந்த சீசனில் ஓடியது 603 கெஜம், பிடித்தது 710, திருப்பிக்கொண்டு வந்தது 1,383. மொத்தம் 2,696. ஒரே சீசனில் அதுவரை யாரும் தொடாத உச்சம்.

இந்த எண்களைக் கவனியுங்கள். மூன்று வேலைகளில் ஓட்டக்காரராக அவர் செய்ததுதான் மிகக் குறைவு.

யார், எவ்வளவு

டிராஃப்டில் உருவம் எப்படி விலையாகிறது என்பதற்கு ஒரு சிறு பட்டியல்:

பாரி சாண்டர்ஸ்: 5 அடி 8 அங்குலம், 92 கிலோ. 1989, முதல் சுற்று, 3ஆவது.

டேரன் ஸ்ப்ரோல்ஸ்: 5 அடி 6 அங்குலம், 86 கிலோ. 2005, நான்காவது சுற்று, 130ஆவது.

மாரிஸ் ஜோன்ஸ்-ட்ரூ: 5 அடி 7 அங்குலம், 95 கிலோ. 2006, இரண்டாவது சுற்று, 60ஆவது.

டரீக் கோஹன்: 5 அடி 6 அங்குலம், 81 கிலோ. 2017, நான்காவது சுற்று, 119ஆவது.

டெவான் ஏச்சான்: 5 அடி எட்டரை அங்குலம், 85 கிலோ. 2023, மூன்றாவது சுற்று, 84ஆவது.

டியூஸ் வான்: 5 அடி 5 அங்குலம், 81 கிலோ. 2023, ஆறாவது சுற்று, 212ஆவது.

இதில் கோஹனின் கதையை அதிகம் பேர் சொல்வதில்லை. டியூஸுக்கு எடையில் மிக நெருக்கமானவர் அவர்தான். சிகாகோ பேர்ஸ் அணிக்கு வந்து, 2018இல் லீகின் மிகச் சிறந்த பந்து திருப்புபவராகத் தேர்வானார். 2020 செப்டம்பரில் முழங்கால் தசைநார் அறுந்தது. அதன்பிறகு அந்தப் பழைய கோஹனை மைதானம் பார்க்கவில்லை. பெரிய உடம்புக்காரர்களுக்கும் முழங்கால் போவதுண்டு. ஆனால் மின்னல் திருப்பத்தை மட்டுமே மூலதனமாக வைத்திருப்பவருக்கு முழங்கால்தான் மொத்தச் சொத்து.

ஏச்சானின் கதை இன்னொரு பாடம். டியூஸோடு ஒரே டிராஃப்டில் வந்தவர். அவரும் எடை குறைவுதான். ஆனால் 40 கெஜத்தை 4.32 விநாடியில் கடந்திருந்தார். எதிரணி கோணத்தைத் தப்பாகக் கணித்தால் பிறகு யாராலும் எட்டிப் பிடிக்க முடியாத வேகம். மயாமி டால்ஃபின்ஸ் எடுத்துக்கொண்டது. 2023 செப்டம்பர் 24 அன்று டென்வர் அணியை மயாமி 70-20 என்று துவைத்த ஆட்டத்தில் ஏச்சான் ஓடியது 203 கெஜம். காயங்களால் பல ஆட்டங்களைத் தவறவிட்டும் அந்த சீசனில் 103 முறை ஓடி 800 கெஜம்.

டியூஸிடம் இந்த அசுர வேகம் இல்லை. அவருடைய பலம் பொறுமையும் பார்வையும். சுவரில் எங்கே விரிசல் விழும் என்று காத்திருந்து நுழைவது. நல்ல பலம்தான். ஆனால் கல்லூரியில் ஒரு விநாடி திறந்திருந்த விரிசல் இங்கே அரை விநாடியில் மூடிவிடுகிறது.

டல்லஸில் நடந்தது

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. 2023 ஆகஸ்டில் ஜாக்சன்வில்லுக்கு எதிரான பயிற்சி ஆட்டத்தில் எட்டு முறை பந்தை வாங்கி 50 கெஜம் ஓடி எல்லைக்கோட்டையும் தொட்டார் டியூஸ். மைதானமே எழுந்து நின்றது. கல்லூரியில் அவர் அணிந்த 22ஆம் எண் டல்லஸில் அவருக்குக் கிடைக்கவில்லை. அது எமிட் ஸ்மித்தின் எண். அவருக்குப் பிறகு யாருக்கும் தருவதில்லை. ஐந்தடி ஒன்பதங்குலம், போதுமான வேகம் இல்லை என்ற விமர்சனங்களோடு 1990இல் 17ஆவது ஆளாக வந்து, 18,355 கெஜம் ஓடி இன்றுவரை முறியடிக்கப்படாத சாதனை படைத்தவர் ஸ்மித். டியூஸ் 42 என்ற எண்ணோடு திருப்தியடைந்தார்.

நிஜ சீசன் தொடங்கியதும் கணக்கு மாறியது. அந்த ஆண்டு முழுவதும் அவருக்குக் கிடைத்தது 23 ஓட்டங்கள். கடந்தது 40 கெஜம். சராசரி இரண்டு கெஜம்கூட இல்லை. ஏழு முறை பந்தைப் பிடித்ததில் இன்னொரு 40.

ஸ்ப்ரோல்ஸுக்குத் திறந்த கதவு டியூஸுக்குத் திறக்கவில்லை என்பதுதான் இதில் முக்கியம். உதைத்த பந்தைத் திருப்பும் வேலையைக் கல்லூரியில் டியூஸ் அதிகம் செய்ததில்லை. அப்படியே செய்திருந்தாலும் டல்லஸில் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். கவோண்டே டர்பின். டியூஸைவிடவும் எடை குறைந்தவர், 70 கிலோ அளவுதான். ஆனால் பந்தைத் திருப்புவதில் புலி. 2022இலேயே நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வானவர். சிறிய உருவத்துக்கு ஓர் அணியில் ஓர் இடம்தான் ஒதுக்குவார்கள் என்பது எழுதப்படாத விதி.

காலமும் ஒத்துழைக்கவில்லை. காயங்களைக் குறைப்பதற்காக உதைக்கும் இடத்தை 2011இல் ஐந்து கெஜம் முன்னே நகர்த்தினார்கள். பந்து நேராகக் கோட்டைத் தாண்டிப் போய்விடுவது அதிகமானது. டியூஸ் வந்த 2023இல் தொடக்க உதைகளில் நான்கில் ஒன்றைக்கூட யாரும் திருப்பிக்கொண்டு ஓடவில்லை. 2024இல் விதியை மறுபடி மாற்றி இந்தக் கலைக்கு உயிர் கொடுத்தபோது, பலன் டர்பினுக்குப் போனது. அந்த ஆண்டு லீகின் சிறந்த பந்து திருப்புபவர் அவர்தான்.

2025இல் கோச் மாறினார். புதிய ரன்னிங் பேக்குகள் வந்தார்கள். ஆகஸ்டில் 90 பேர் கொண்ட முகாமை 53 பேராகச் சுருக்கியபோது டியூஸின் பெயர் பட்டியலில் இல்லை. அப்பா வேலை பார்த்த அணி மகனை விடுவித்தது.

அப்படியானால் 211 தேர்வுகள்வரை அவரைத் தாண்டிப் போனவர்கள் சரியாகத்தான் சொன்னார்களா? முடிவு சரி. சொன்ன காரணம் அரைகுறை. ஐந்தடி ஐந்தங்குலம் என்பது மட்டுமே காரணமென்றால், அதே உயரமும் டியூஸைவிடக் குறைந்த எடையும் கொண்ட டிரிண்டன் ஹாலிடே 2013 ஜனவரியில் ஒரே நாக்அவுட் ஆட்டத்தில் இரண்டு முறை பந்தைத் திருப்பி எல்லைக்கோட்டைத் தொட்டிருக்க முடியாது. அதே 2023 டிராஃப்டில் முதல் ஆளாக எடுக்கப்பட்ட குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்கும் தன் இடத்துக்குக் குள்ளமானவர்தான்; ஐந்தடி பத்தங்குலம். அணிகள் வேண்டும்போது அங்குலத்தை மன்னிக்கின்றன.

மன்னிப்பதற்கு ஈடாக ஏதோ ஒன்று கேட்கின்றன. ஜோன்ஸ்-ட்ரூ எடையைக் கொடுத்தார். ஏச்சான் வேகத்தைக் கொடுத்தார். ஸ்ப்ரோல்ஸும் ஹாலிடேயும் பந்தைத் திருப்பும் வித்தையைக் கொடுத்தார்கள். சாண்டர்ஸ் மாதிரி எல்லாமே கொடுக்கக்கூடியவர்கள் தலைமுறைக்கு ஒருவர்; அவர்களை உதாரணமாகக் காட்டுவது ஊக்கம் தருமே தவிர வழி காட்டாது. டியூஸிடம் எடை, அசுர வேகம், திருப்பும் அனுபவம் மூன்றும் ஒருசேரக் குறைவாக இருந்தன. பந்தைப் பிடிக்கும் கை அவருக்கு இருந்தது. கல்லூரியில் 116 முறை பிடித்து 1,280 கெஜம் சேர்த்த கை. அது ஒன்றை வைத்துத் தாக்குதல் முறையை மாற்றியமைக்கும் பொறுமை, ஆறாவது சுற்று வீரருக்காக எந்த கோச்சுக்கும் வராது.

எனவே அடுத்த முறை ஏதோ ஒரு கல்லூரியில் ஒரு சின்னப் பையன் பெரியவர்களுக்கிடையே புகுந்து புறப்படும்போது, ஸ்கவுட்டுகள் கேட்க வேண்டிய முதல் கேள்வி உயரமல்ல. பந்தோடு ஓடாத நேரத்தில் இவனுக்கு என்ன வேலை கொடுக்கலாம்? அந்த வேலை காலியாக இருக்கும் அணி எது? பையனும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவையே. முடிந்தால் பதினெட்டு வயதிலேயே. கல்லூரி கோச் நட்சத்திர ஓட்டக்காரரைக் காயத்திலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துப் பந்து திருப்பும் வேலையிலிருந்து விலக்கி வைக்கிறார். சிறிய உருவக்காரருக்கு அந்தப் பாதுகாப்பே பிற்பாடு பாதகமாகலாம்.

விடுவிக்கப்பட்டபோது டியூஸுக்கு வயது 23. அதே 23 வயதில், 2006இல், ஸ்ப்ரோல்ஸ் கணுக்கால் முறிந்து ஒரு சீசன் முழுவதும் வெளியே உட்கார்ந்திருந்தார். அதுவரை ஓட்டக்காரராக அவர் சாதித்தது அநேகமாக ஒன்றுமில்லை. சார்ஜர்ஸ் அணி அவரை வெளியே அனுப்பவில்லை. கால் ஆறிய பிறகு உதைத்த பந்தைத் திருப்ப அவர்களுக்கு ஆள் தேவைப்பட்டது.